பந்து உதைத்த பாட்டாளி கேட்ட கூலி

வேலை செய்தவன் கூலி கேட்பது உரிமை. இதை இன்று எவரும் மறுப்பதில்லை. உள்ளத்திலே கசப்பு இருந்தாலும் உதட்டளவிலாவது ஒப்புக்கொள்கின்றனர். ஆனால், பந்து உதைத்தவன் கூலி கேட்டால்?

சிரிக்காதீர்கள், தோழர்களே! நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து நாட்டிலே இந்தக் கேள்வி எழுந்தது. சீமான்கள் சீறினர், கனவான்கள் காதைப் பொத்திக்கொண்டனர், விளையாட்டின் தூய்மை கெட்டது என்று ஓலமிட்டனர். அந்தக் கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பியது லண்டன் மாநகரமல்ல. வடக்கே, லங்காஷயர் சீமையில், ரிப்பிள் ஆற்றங்கரையில் உள்ள பிரெஸ்டன் என்னும் பஞ்சாலை ஊர். அந்த ஊரின் கால்பந்துக் கழகமான பிரெஸ்டன் நார்த் எண்டின் கதையைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம். பந்தாட்டக் கதைதான், ஆனால் பந்தைவிடக் கூலியைப் பற்றியே அதிகம் சொல்லும் கதை.

ஒப்புக்கொண்ட ஒருவர்

1884 ஜனவரி. பிரெஸ்டன் நகரின் டீப்டேல் திடல். லண்டனிலிருந்து வந்த அப்டன் பார்க் குழுவும், உள்ளூர் நார்த் எண்டு குழுவும் இங்கிலாந்துக் கோப்பைக்காக மோதின. ஆளுக்கு ஒரு கோல். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் லண்டன் குழுவினர் புகார் கொடுத்தனர். என்ன புகார்? காலை வாரிவிட்டார்கள் என்றா? கையால் பந்தைத் தொட்டார்கள் என்றா? இல்லை! ஆடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று!

கால்பந்துச் சங்கத்தார் விசாரணைக்கு அழைத்தனர். கழகத்தை நடத்தியவர் வில்லியம் சுடெல், ஒரு பஞ்சாலையின் மானேஜர். அவர் மறுத்திருக்கலாம். மற்றக் கழகத்தார் அப்படித்தான் செய்துவந்தனர். இரவில் கையிலே காசு, பகலில் வாயிலே பொய் — இதுவே அன்றைய நடைமுறை. சுடெல் மறுக்கவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்ததையும், அவர்களுக்கு ஊரிலே நல்ல வேலை தேடித் தந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் செய்வது இதுதான் என்றும் சொன்னார்.

உண்மை பேசியதற்குப் பரிசு என்ன? கோப்பைப் போட்டியிலிருந்து பிரெஸ்டன் விலக்கப்பட்டது!

ஆலைச் சங்கும் சனிக்கிழமையும்

அந்த ஊரைப் பற்றி நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும். நூற்பு எந்திரத்தால் பெயர் பெற்ற ஆர்க்ரைட் 1732-ல் பிறந்த ஊர் பிரெஸ்டன். புகைபோக்கிகள் காடாய் நின்ற ஊர். லங்காஷயர் ஆலைகள் நெய்து தள்ளிய சீமைத்துணிதான் கப்பலேறி வந்து நம் நாட்டுக் கைத்தறியாளன் வயிற்றிலே அடித்தது. சரி, அந்தச் சீமைத்துணியை நெய்தவனாவது வயிறார உண்டானா?

இல்லை. 1842 ஆகஸ்டில் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பிரெஸ்டன் தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். படையினரின் துப்பாக்கி பேசிற்று. லூன் தெருவில் சுடப்பட்டு நால்வர் மாண்டனர். 1853-ல், எங்களிடம் முன்பு பறித்த நூற்றுக்குப் பத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றனர் நெசவாளர். முதலாளிகள் ஆலைக் கதவை அடைத்தனர். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தது அந்தப் பட்டினிப் போர். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நேரிலே வந்து பார்த்துச் சென்றார். இறுதியில் பசி வென்றது, தொழிலாளி தோற்றான்.

இப்படிப்பட்ட ஊரில் பந்தாட ஏது நேரம்? அதையும் ஒரு சட்டம்தான் தந்தது. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் பஞ்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் வெளியேறினால் தறி ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் விடுதலை. சனிக்கிழமை ஆலைச் சங்கு ஊதியதும் கிடைத்த அந்த அரை நாள்தான், உலகம் முழுதும் இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்துக்குத் தொட்டில். போராடிப் பெற்ற ஓய்வு, பிச்சையாக வந்ததல்ல.

நார்த் எண்டு, 1863-ல் கிரிக்கெட் குழுவாகத் தொடங்கியது. 1875-ல் டீப்டேல் திடலுக்கு வந்தது. ரக்பியும் ஆடிப் பார்த்தது. 1878-ல் முதல் கால்பந்துப் போட்டி, தோல்வி. 1880-ல் இனி எங்கள் ஆட்டம் கால்பந்துதான் என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டே அண்டை ஊரான பிளாக்பர்னின் ரோவர்ஸ் குழு வந்து, 16 கோல் போட்டுச் சென்றது; நார்த் எண்டு போட்டது ஒன்றுமில்லை. ஊரே நகைத்திருக்கும். சுடெல் சோர்ந்துவிடவில்லை. பந்தைத் தனியாகக் கொண்டு ஓடுவதைவிடத் தோழனுக்குத் தட்டிவிட்டு முன்னேறும் கலையில் வல்லவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். கல் உடைத்தவர், கூரை வேய்ந்தவர், பட்டறையில் பாடுபட்டவர் என்று அங்கிருந்து பாட்டாளிகளைத் தேடி அழைத்து வந்தார். அதைத்தான் குற்றம் என்றனர் கனவான்கள்.

தூய்மை பேசியவர்கள் யார்?

1863-ல் லண்டனில் பிறந்தது கால்பந்துச் சங்கம். அதை ஆட்டிப் படைத்தவர்கள் பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். கோப்பையும் அவர்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. 1883-ல்தான் முதல் அதிர்ச்சி. பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு, நெசவாளியும் பிற தொழிலாளிகளும் நிறைந்த குழு, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை 2-1 என்று வீழ்த்திக் கோப்பையை வடக்கே கொண்டு போயிற்று. அதுவரை கேட்காத தூய்மைக் கூச்சல் அதற்குப் பிறகு உரக்கக் கேட்டது. ஏன் என்று நாம் விளக்கவும் வேண்டுமா?

காசுக்காக ஆடலாகாது என்றனர். கேட்பதற்கு இனிப்பான வாசகம்! ஆனால் அதைச் சொன்னவர் யார்? நிலத்து வாடகையும் வங்கி வட்டியும் தூங்கும்போதும் வந்து சேரும் சீமான். அவர் லண்டனில் ஆடினாலும் வருமானம் உண்டு. மாளிகையில் உறங்கினாலும் உண்டு. பிரெஸ்டன் நெசவாளியின் நிலை என்ன? வெளியூர்ப் போட்டிக்கு வெள்ளியன்றே ரயிலேறினால் வெள்ளிக் கூலி போயிற்று. சனிக் கூலியும் போயிற்று. திங்களன்று காலில் காயத்தோடு வந்தால் வேலையே போயிற்று. அடுப்பிலே பூனை உறங்கும் வீட்டுக்காரனைப் பார்த்து, ஆட்டத்தின் தூய்மைக்காகப் பட்டினி கிட என்று சொல்வது தூய்மையா, தந்திரமா?

கூலி இல்லாத ஆட்டம் என்றால், கூலி தேவைப்படாதவன் மட்டுமே ஆடும் ஆட்டம். அவ்வளவுதான் அதன் பொருள். வாயிற்கதவிலே ஏழை நுழையாதே என்று எழுதிவைக்க வெட்கம். ஆகவே தூய்மை என்று எழுதி வைத்தனர்.

வடபுலத்துக் கழகங்கள் பணியவில்லை. 1884 அக்டோபரில் ஒன்று கூடின. நீங்கள் ஏற்காவிட்டால் நாங்கள் தனிச் சங்கம் காண்போம் என்றன. தனித்தனியே கேட்டபோது தண்டனை கிடைத்தது. சேர்ந்து நின்று கேட்டபோது செவி திறந்தது. 1885 ஜூலை 20-ஆம் நாள் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்தது. கூலிக்கு ஆடுவது சட்டப்படி செல்லும் என்றாயிற்று.

செல்லும், ஆனால் நிபந்தனைகள் உண்டு! கூலி பெறுகிறவன் ஆண்டுதோறும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோப்பைப் போட்டியில் ஆட வேண்டுமானால், கழகத் திடலுக்கு ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு ஆண்டு குடியிருக்க வேண்டும். கூலி ஆட்டக்காரன் எவனும் சங்கத்தின் எந்தக் குழுவிலும் உறுப்பினராக அமரக் கூடாது. பந்தை உதைக்கலாம், பக்கத்தில் உட்காரக் கூடாது! பந்தியிலே பரிமாறலாம், பந்தியிலே அமரக் கூடாது என்ற நீதியைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது எந்த நாட்டு நீதி என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லா நாட்டிலும் அதற்கு உறவினர் உண்டு.

தோல்வி காணாத ஆண்டு

சட்டம் திறந்தது, பிரெஸ்டன் பாய்ந்தது. 1887 அக்டோபரில் ஹைடு குழுவை 26-0 என்று வென்றது. 1888-ல் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் பிரோமிச் குழுவிடம் 2-1 என்று தோற்றது. தோல்வியும் பாடம்தானே!

கூலி கொடுக்க வேண்டுமானால் வாராவாரம் நுழைவுக் கட்டணம் வர வேண்டும். வாராவாரம் கூட்டம் வரவேண்டுமானால் முறையாகப் போட்டி நடக்க வேண்டும். இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் லீக். ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்கிரிகர் முயற்சியால் 12 கழகங்கள் இணைந்தன; 1888 செப்டம்பர் 8-ஆம் நாள் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியது. பிரெஸ்டனும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

முடிவு? 22 ஆட்டம், 18 வெற்றி, 4 சமநிலை, தோல்வி ஒன்றுகூட இல்லை. போட்ட கோல் 74, வாங்கியது 15. இரண்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லா 11 புள்ளி பின்னால் நின்றது. அது மட்டுமா? 1889 மார்ச் 30-ஆம் நாள் லண்டன் கென்னிங்டன் ஓவலில் வுல்வர்ஹாம்ப்டன் குழுவை 3-0 என்று வென்று கோப்பையையும் கொண்டுவந்தது. அந்தக் கோப்பைப் பயணம் முழுதிலும் எதிரிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. எந்தக் கோப்பையிலிருந்து விரட்டினார்களோ, அதே கோப்பை! விரட்டப்பட்டது 1884-ல், வென்றது 1889-ல். இடையிலே ஐந்தே ஆண்டு.

வெல்லப்பட முடியாதவர்கள் என்ற பட்டம் அவர்களுக்கு வந்தது. இங்கிலாந்தின் உயர்ந்த பிரிவில் ஒரு பருவம் முழுதும் தோல்வியே காணாமல் முடித்த அடுத்த குழு 2003-04-ல் ஆடிய ஆர்சனல். நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது! 1890-லும் பிரெஸ்டனே லீக் வென்றது.

கட்டியவர் கதி

வெற்றி விழாவோடு கதையை முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதோடு நிற்கவில்லை. 1895-ல் சுடெல் நீதிமன்றக் கூண்டில் நின்றார். ஆலைப் பணத்தைக் கையாடினார், கணக்கைத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டு சிறை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கழகத்துக்கே போயிற்று என்பர். பிறகு தென்னாப்பிரிக்கா சென்று பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைத்தார், அங்கேயே மாண்டார்.

அவரைத் தூற்ற நாம் இதைச் சொல்லவில்லை. போற்றி மறைக்கவும் விரும்பவில்லை. தொழிலாளியின் கூலியைத் துணிந்து ஒப்புக்கொண்டவர் அவர். அந்தக் கூலிக்கான வழியை ஆலைக் கணக்கிலே தேடியவரும் அவரே. ஒரு தனிமனிதரின் தோளில் ஏற்றிய கோபுரம், அந்தத் தோள் சாய்ந்தால் சாயும். எந்த அமைப்புக்கும் இது பாடம்.

கதவு எல்லோருக்குமா திறந்தது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1886-87-ல் நார்த் எண்டின் கோல் காத்தவர் ஆர்தர் வார்ட்டன். ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில் 1865-ல் பிறந்த கறுப்பர். 1886-ல் இங்கிலாந்தின் தடகளப் போட்டியில் 100 கஜத்தைப் பத்து நொடியில் ஓடி வென்றவர். பிரெஸ்டனை விட்டபின் மற்றக் கழகங்களில் கூலிக்கு ஆடினார்; உலகின் முதல் கறுப்பின தொழில்முறை ஆட்டக்காரர் என்று இன்று போற்றப்படுகிறார். இன்று! அன்று? நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாக உழைத்து 1930-ல் வறுமையில் மாண்டார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வந்தது 1997-ல்தான்.

பெண்களின் கதை இன்னும் கொடிது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனை செல்ல, பிரெஸ்டனில் டிக் கெர் தொழிற்சாலையில் வெடிகுண்டு செய்தவர்கள் பெண்கள். சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைத்த அந்தப் பெண்கள், 1917 கிறிஸ்துமஸ் நாளில் டீப்டேல் திடலில் பத்தாயிரம் பேர் முன்னிலையில் ஆடினர். வசூல் முழுதும் காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு. 1920 டிசம்பரில் லிவர்ப்பூலில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் கூடினர்; இடமின்றித் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

1921 டிசம்பர் 5-ஆம் நாள் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது: இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, எந்தக் கழகமும் அவர்களுக்குத் திடல் தரலாகாது. வசூலில் செலவுக்கென்று அதிகம் எடுக்கப்படுகிறது என்பதும் குற்றச்சாட்டு. பாருங்கள், மீண்டும் காசுப் பேச்சு! ஆண் தொழிலாளி கூலி கேட்டபோது எடுத்த அதே தடியைப் பெண் தொழிலாளி மீது ஓங்கினர். அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இருபது பவுன் விலங்கு

கூலி உரிமை கிடைத்தது என்றோம். முழுதும் கிடைத்ததா? இல்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கட்டிவைத்தனர். 1901-ல் சட்டம் வந்தது: எவ்வளவு திறமைசாலியானாலும் வாரம் 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பிறகு அது மெல்ல மெல்ல ஏறி, 1958-ல் 20 பவுனில் வந்து நின்றது. இன்னொரு விலங்கும் உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் வேறிடம் போகலாம். கூலி கொடுத்தது போக, ஆளையே சொந்தமாக்கிக்கொண்டனர்.

இதன் கொடுமையைப் பிரெஸ்டனே கண்ணாரக் கண்டது. டாம் ஃபின்னி 1922-ல் டீப்டேல் திடலுக்கு அருகே பிறந்தவர். முதலில் பிளம்பர் தொழிலைக் கற்று முடி, பிறகு பந்தாடு என்றார் தந்தை. தந்தை அறிவாளி! போரில் எகிப்திலும் இத்தாலியிலும் பணிபுரிந்து திரும்பி, 1946-ல் லீக்கில் இறங்கினார். 1960 வரை ஒரே கழகம். லீக்கில் 433 ஆட்டம், 187 கோல். இங்கிலாந்துக்காக 76 ஆட்டம், 30 கோல். இவ்வளவுக்கும் குழாய் வேலையை விடவில்லை. பிரெஸ்டன் பிளம்பர் என்றே பெயர்.

1952-ல் இத்தாலியின் பலெர்மோ கழகம் அவரை அழைத்தது. கையெழுத்துக்கு 10,000 பவுன், மாதம் 130 பவுன், வெற்றிக்கு 100 பவுன்வரை ஊக்கத்தொகை, வீடு, மோட்டார் கார். அன்று பிரெஸ்டனில் அவர் வாங்கியது வாரம் 14 பவுன். கழகத் தலைவரிடம் கேட்டார். முடியாது என்று மறுத்துவிட்டார் அவர். அவ்வளவுதான். டீப்டேலில் 1938-ல் ஒரே ஆட்டத்துக்கு 42,684 பேர் திரண்டதுண்டு. கூட்டம் கூட்டமாய்க் காசு உள்ளே போயிற்று. ஆடியவன் கைக்கு அளந்து வந்தது. 1884-ல் கூலிக்காகத் தண்டனை ஏற்ற கழகம், 1952-ல் தன் தொழிலாளியைப் பூட்டி வைத்தது. நேற்றுப் போராடியவன் இன்று முதலாளி நாற்காலியில் அமர்ந்தால், நாற்காலி அவனை மாற்றிவிடுகிறது!

விலங்கை உடைத்தது யார்? 1907-ல் மான்செஸ்டரில் பிறந்த ஆட்டக்காரர் தொழிற்சங்கம். 1961 ஜனவரியில் ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தனர். நாள் வருமுன்பே முதலாளிகள் பணிந்தனர், உச்சவரம்பு ஒழிந்தது. 1963-ல் ஜார்ஜ் ஈஸ்தாம் தொடுத்த வழக்கில், ஆளைப் பிடித்து வைக்கும் முறை தொழில் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். ஃபின்னி அப்போது ஓய்வு பெற்றிருந்தார். கனி பழுத்தபோது மரம் வளர்த்தவர் பந்தியில் இல்லை.

வீழ்ந்தும் எழுந்தும்

1961-ல் பிரெஸ்டன் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. கூலி உச்சவரம்பு நீங்கியதால்தான் சிறிய ஊர்க் கழகங்கள் சாய்ந்தன என்பார் உண்டு. பெரிய நகரத்துப் பணத்தோடு பஞ்சாலை ஊர் போட்டியிட முடியவில்லை என்பது மெய், நாம் மறுக்கவில்லை. ஆனால் சிறிய கழகம் வாழ வேண்டும் என்பதற்காக ஆடுகிறவன் வயிற்றைக் கட்ட வேண்டுமா? வருவாயைக் கழகங்கள் பங்கிட்டுக்கொள்ள வழி கண்டிருக்கலாம். அதைச் செய்யாமல் உழைப்பவன் தலையில் பாரத்தை வைத்தது யார் குற்றம்?

பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. கழகமும் படிப்படியாக இறங்கியது. 1986-ல் லீக்கின் 92 கழகங்களில் 91-ஆவது இடம்! லீக்கில் நீடிக்கவே மற்றவர்களின் வாக்கை வேண்டி நின்றது, லீக்கை முதன்முதல் வென்ற கழகம். ஆனால் ஊர் கைவிடவில்லை. 1987-ல் ஒரு படி ஏறியது, 1996-ல் இன்னொரு படி, 2000-ல் மற்றொன்று. மீண்டும் வழுக்கியது, 2015-ல் வெம்பிளியில் ஸ்விண்டனை 4-0 என்று வென்று மீண்டும் ஏறியது. உயர்ந்த பிரிவை விட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும், அதே டீப்டேல் திடலில், அதே ஊர் மக்கள் முன் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் திடலின் வாயிலில், தேங்கிய நீரைச் சிதறடித்துப் பந்தைத் துரத்தும் ஃபின்னியின் சிலை 2004 முதல் நிற்கிறது. டிக் கெர் பெண்களுக்கு 2017-ல் கருங்கல் நினைவுச்சின்னமும் வைத்தனர். கல்லிலே மரியாதை செய்வது எளிது, தோழர்களே. கையிலே கூலி கொடுப்பதுதான் கடினம்!

ஆகவே நாம் சொல்வது இதுதான். தொண்டு என்பார்கள், கௌரவம் என்பார்கள், கலைக்கு விலையா என்பார்கள், விளையாட்டுக்குக் காசா என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிகிறது என்றால், உங்கள் அடுப்பைப் பற்றிப் பேச அவருக்கு உரிமையில்லை. உழைப்பு எந்த உருவில் வந்தாலும் உழைப்பே. கையால் நெய்தாலும், காலால் உதைத்தாலும். கைதட்டலை நன்றியோடு ஏற்போம். கூலியை உரிமையோடு கேட்போம். தனியே கேட்டால் தண்டனை, சேர்ந்து கேட்டால் வெற்றி — பிரெஸ்டன் கண்ட உண்மை இது. நம் ஆலை வாயிலிலும் அது பொய்க்காது!